தோள் கொடுக்க முடிகிறதா?



இன்று கொஞ்சம் சொந்தக் கதை கதைக்கப் போகிறேன். மனவடுவுக்கான வைத்தியத்தைப் பற்றிப் பேச ஒரு கணக்காளருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரேயொரு தகுதிதான்: அந்தக் கதிரையில் நானும் இருந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டுக்குச் சொன்னால்தான் போவோம். செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போவோம். வருடக்கணக்காகக் கதைபேச்சு இல்லாதவர்கள்கூட அன்றைக்குப் படலையைத் திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் விழுமியங்களில் இது முதன்மையானது. ஆனால் நான் சிட்னிக்கு வந்து பதினைந்து வருடங்களாக ஒரு செத்த வீட்டுக்கும் போகவில்லை. மலர்வளையம் அனுப்பினேன். காலமானவரின் வரிக் கணக்கைக் காசு வாங்காமல் முடித்துக் கொடுத்தேன். போகவில்லை என்று யாராவது கேட்டால் 'ரக்ஸ் வேலை' என்று சாட்டுச் சொன்னேன்.

உண்மையான காரணம் 1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனம் கொட்டும் மழையில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்த இரவு. எனக்கு இருபத்தைந்து வயது. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். விடிவதற்கு முன் அவரின் மூச்சு நின்றுவிட்டது. ஒரு தேவாரம் படிக்க, வாய்க்கரிசி போட வழியில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேரின் உதவியோடு ஒரு காணியில் அடக்கம் செய்தேன். அதற்குப் பிறகு, சவப்பெட்டியைக் கண்டாலே அந்த மழையும் சேறும் என்னைச் சூழ்ந்துவிடும்.

மனைவியின் வற்புறுத்தலில் கடைசியாக வைத்தியத்துக்குப் போனேன். நித்திரை, பயங்கரக் கனவு, திடுக்கிடுதல் பற்றியெல்லாம் கேள்விகள் கேட்டுப் புள்ளி போட்டார்கள். ஏழெட்டு மாதத்தில் புள்ளி பாதியாகக் குறைந்தது. நித்திரை வந்தது. இலக்கத்தை நம்புகிற ஆள் நான், பெரிய சந்தோசம். அந்தக் கிழமையே நெருங்கிய நண்பரின் தகப்பனார் காலமானார். நான் போகவில்லை.

அப்போதுதான் யோசித்தேன். கடன் குறைந்துவிட்டது என்பதும் கடை திறந்துவிட்டது என்பதும் ஒன்றல்லவே! வைத்தியம் என் கனவுகளைக் குறைத்தது. நான் வாழ விரும்பிய விதமாக வாழ உதவியதா?

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்கிறார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் ஒரு முகாமில் 31 பிள்ளைகளிடம் ஒரு ஆய்வு நடந்தது, 2009இல் வெளியானது. பாதிப்பேர் தங்கள் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 வீதமும் மற்றதில் 71 வீதமும் தேறியிருந்தன. அன்றாட அலுவல்களில் இருந்த தடங்கலும் குறைந்தது. ஒன்றும் செய்யாத குழு இல்லாததால், காலம் ஆற்றியது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனாலும் நல்ல சேதி.

இன்னொன்று எங்களைப் போன்ற வானொலிக்காரருக்குப் பிடித்தது. உலக சுகாதார நிறுவனம் ஒலிப்பதிவு மூலம் நடத்தும் ஒரு பயிற்சியை உருவாக்கியது. இருபது முப்பது பேர் ஒன்றாக இருந்து, கிழமைக்கு ஒரு தடவை, ஐந்து தடவை கேட்பார்கள். துன்பமான நினைவைத் துரத்தச் சொல்வதில்லை. அதற்கு மனதில் ஒரு இடம் கொடு, கால் நிலத்தில் பதிந்திருப்பதை உணர், பிறகு உனக்கு முக்கியமானது எதுவோ அதை நோக்கி ஒரு சின்ன அடி வை என்கிறது. உகண்டாவில் 694 தென்சூடான் அகதிப் பெண்களிடம் பரிசோதித்தார்கள். மூன்று மாதம் கழித்தும் பயிற்சி எடுத்தவர்களின் மனத்துன்பம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. 2020இல் அந்த முடிவு வெளியானது.

எனது ஆற்றுப்படுத்துநரும் பிறகு இந்த வழிக்குத்தான் திரும்பினார். "கனவு வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று ஒருநாள் கேட்டார். யோசிக்காமலே, "செத்த வீட்டுக்குப் போவேன்" என்றேன். "கனவு வந்தாலும் போகலாமா?" என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. முதலில் ரூக்வூட் மயானத்தின் கார் தரிப்பிடத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினேன். அடுத்த முறை மண்டப வாசல். அதற்கடுத்த முறை கடைசி வாங்கு.

ஆனால் வைத்தியத்தால் எல்லாம் முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. சிட்னியில் பேராசிரியர்கள் டெரிக் சிலோவும் சக்கரி ஸ்ரீலும் 1990களில் எங்கள் தமிழ்ச் சனத்தையும் சேர்த்து ஆய்வு செய்தவர்கள். ஊரில் பட்டது மட்டுமல்ல, இங்கே வந்தபின் விசா முடிவு தெரியாமல் தவிப்பதும் மனதை வருத்துகிறது என்று எழுதினார்கள். பாதுகாப்பு, உறவு, நீதி, தனக்கென்று ஒரு பங்கு, வாழ்வில் அர்த்தம் என்ற ஐந்து தூண்கள் பற்றி சிலோவ் பின்னர் பேசினார். தற்காலிக பாதுகாப்பு விசா 1999இல் வந்தது, 2008இல் போனது, 2014இல் திரும்பி வந்தது. 2023இல்தான் அதையும் அதைப் போன்ற தற்காலிக விசாவையும் வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. அவ்வளவு காலமும் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட முடியாமல் இருந்த தகப்பனிடம் மூச்சுப் பயிற்சி மட்டும் செய் என்றால் போதுமா?

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு இருந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். தேடுவதுதான் அவர்களின் விழுமியம். அவர்கள் நித்திரை கொள்ள வைத்தியம் உதவட்டும். தேடுவதை விடச் சொல்லக் கூடாது. நல்ல வைத்தியம் உங்களுக்கு எது முக்கியம் என்று உங்களிடம்தான் கேட்கும்.

போன வருடம் அதே நண்பரின் தாயாரும் காலமானார். மண்டபத்தில் ஊதுபத்தி மணத்தோடு மழையும் சேறும் வந்தன. கை நடுங்கியது. அப்படியே நின்று வாய்க்கரிசி போட்டேன், பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். அன்றிரவு பழைய கனவும் வந்தது. விடிய எழும்பி, அம்மம்மாவின் படத்துக்கு ஒரு விளக்கேற்றினேன். புள்ளிக் கணக்கில் அது ஒரு கெட்ட கிழமை. எனக்கு அப்படித் தெரியவில்லை.

நேயர்களே, உங்களுக்கும் இப்படி ஒதுங்கிப்போன ஒன்று இருக்கலாம். பிள்ளையின் பள்ளிக்கூட விழாவாக இருக்கலாம், கோயில் தேராக இருக்கலாம், தமையனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம். சிட்னியில் 1988 முதல் ஸ்ரார்ட்ஸ் நிலையமும், மெல்பேர்ணில் 1987 முதல் பவுண்டேசன் ஹவுஸும் எங்களைப் போன்றவர்களுக்காகவே இயங்குகின்றன. கட்டணம் இல்லை. மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். குடும்ப வைத்தியரிடமும் தொடங்கலாம். போகும்போது "எனக்கு நித்திரை இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நித்திரை வந்தால் நான் இதைச் செய்ய ஆசைப்படுகிறேன்" என்றும் சொல்லுங்கள்.