கைத்திறன் காட்டும் வழி



எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு வழிகாட்டப் பலர் முன்வருவர். ஓரளவே தேர்ச்சி பெற்ற பிள்ளையோ, சில நாள் வீட்டிலிருந்துவிட்டுக் கிடைத்த வேலைக்குப் புறப்பட்டு விடுகிறான். அத்தகைய பிள்ளையைக் குறித்தே இன்று உங்களோடு பேச விழைகிறோம்.

நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றன. உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் இவை, சிறு நகரங்கள் பலவற்றிலும் அமைந்துள்ளன. வாகனப் பராமரிப்பு, மின்கம்பி பொருத்துதல், குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, ஆடை வடிவமைப்பு, ரொட்டி அணிச்சல் தயாரிப்பு போன்ற தொழில்கள் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. எஸ்.பி.எம். முடித்தோர் யு.பி.யு. இணையத்தளத்தின் வழி விண்ணப்பம் செய்யலாம்.

எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாத் தொழில்களும் இல்லை. 'அருகில் உள்ளது' என்பதற்காகவும், 'நண்பன் சேர்ந்தான்' என்பதற்காகவும் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுப்போர் பலர். பின்னர் மனம் ஒன்றாமல் பாதியிலே நின்று விடுகின்றனர். இழப்பு பிள்ளைக்கு மட்டுமன்று. பேருந்துக் கட்டணத்திற்கும் உடைக்கும் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பெற்றோருக்குந்தான்.

அவ்வாறாயின், தனக்கேற்ற தொழிலை மாணவன் எங்ஙனம் அறிவது? இதற்கு விடை உங்களிடமே உள்ளது. பால் மரம் வெட்டப் புதிதாக வந்தவர், கத்தியைப் பிடித்த முதல் நாளே அளவை அறிந்துவிடுவதில்லை. ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும்; மேலாக வெட்டினால் பால் குறையும். கை பழகப் பழகத்தான் அளவு பிடிபடும். பட்டறையில் நிற்கும் மாணவனின் நிலையும் அதுவே. முதல் சில வாரங்களில் தடுமாறுவது தகுதியின்மைக்கு அடையாளம் ஆகாது. ஆனால் பல மாதங்கள் சென்றும் அத்தொழிலில் ஆர்வமே பிறக்கவில்லையெனின், விரிவுரையாளரிடம் மனம் திறந்து பேசுதல் நன்று. வாய் திறவாமல் விலகி விடுவதே தவறு.

சான்றிதழ்ப் படிப்புகளில் தொழில் நிலையங்களில் பெறும் பயிற்சியும் ஒரு பகுதியாகும். தன் வழியைப் பல மாணவர் கண்டுகொள்வது அங்கேதான். உண்மையான வாடிக்கையாளர், உண்மையான பழுது, உண்மையான நேரக் கட்டுப்பாடு ஆகியவற்றை அங்கே அவர்கள் சந்திக்கின்றனர். நேரந்தவறாது சென்று, கற்க முனைப்புக் காட்டும் பிள்ளையை முதலாளி மறப்பதில்லை. பயிற்சி முடிந்த இடத்திலேயே பணியில் அமர்ந்தோரும் உண்டு. மேலும் கற்க விரும்புவோர் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா பயில முயலலாம்.

'கைத்தொழில் படித்தால் மதிப்பில்லை' என்று சிலர் கருதுகின்றனர். ஆனால், மின்கம்பி பொருத்தும் பணியைச் சட்டப்படி பொறுப்பேற்றுச் செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் தேவை. ஒரு தொழிலுக்குச் சட்டமே தகுதி வகுத்திருக்கையில், அத்தொழில் எங்ஙனம் தாழ்ந்ததாகும்?

பெற்றோர் இப்பொழுதே செய்ய வேண்டியவை மூன்று உள.

முதலாவது, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் சரிபாருங்கள். 12 வயதில் எடுக்க வேண்டிய அட்டை இன்னும் எடுக்கப்படாதிருப்பின், விண்ணப்பக் காலம் வரை காத்திராமல் தேசியப் பதிவிலாகாவை நாடுங்கள்.

இரண்டாவது, மலாய் மொழியையும் வரலாற்றையும் பிள்ளை புறக்கணிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்விரண்டிலும் தேர்ச்சியின்றி எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது.

மூன்றாவது, விண்ணப்பிக்கும் முன் பிள்ளையோடு கல்லூரிக்கு ஒருமுறை நேரில் சென்று பட்டறையைக் காணுங்கள்.

சமூகக் கல்லூரிகளில் பெரியோருக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. தையலோ, சமையலோ, பழுதுபார்ப்போ, விரும்பியதை நீங்களும் கற்கலாம்.

'என்ன வேலை கிடைக்கும்?' என்று கேட்பதற்கு முன், 'எந்த வேலையில் உன் கை நிலைக்கிறது?' என்று பிள்ளையைக் கேளுங்கள். அக்கேள்விக்கு அவன் தரும் விடையிலிருந்தே அவனுடைய வழி தொடங்குகிறது.