மலைத்தோட்டத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து



கேமரன் மலையில் ஊரைப் பிரிந்து பண்டிகை காண்பது புதிதன்று. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கொழுந்து பறிக்க வந்த தமிழர் பலர் கடல் கடந்து வந்தவர்கள். துரைமார்களும் அப்படித்தான். தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையிலுள்ள சகல ஆத்துமாக்கள் ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டிஷ் இராணுவம் கொடுத்த அரைவட்டத் தகரக் கொட்டகைதான் 1959-இல் ஆலயமாயிற்று.

நாங்கள் சமவெளியிலிருந்து தோட்டப் பள்ளிக்கு வந்த ஆசிரியர்கள். டிசம்பர் இங்கே மழை மாதம். ஓர் ஆண்டு தாப்பா சாலையில் மண் சரிந்து, ஊருக்கு மூட்டை கட்டியிருந்த நாங்கள் மூவரும் மலையிலேயே தங்க நேர்ந்தது. லயத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தார் எங்களைப் பண்டிகைக்கு அழைத்தார்கள்.

எங்களில் ஒருவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். மண்டல விரதம் கார்த்திகை முதல் நாள் தொடங்கி 41 நாள். கிறிஸ்துமஸ் அதற்குள் வந்துவிடும். கறி சமைக்கும் வீட்டில் விரதக்காரர் எப்படி உண்பது? மரியாதையாக மறுத்துப் பார்த்தோம். அந்த அம்மா விடவில்லை.

"சாமி, ஒங்களுக்குன்னு புதுச் சட்டி வாங்கி வச்சிருக்கேன். விடியக்காலையில குளிச்சிட்டு ஒங்க சோத்ததான் மொதல்ல ஆக்குவேன். அப்புறந்தான் எங்க கறி அடுப்பு ஏறும்" என்றார்.

சொன்னபடியே செய்தார். சோறு, பருப்பு, முட்டைக்கோஸ் பொரியல், வாழையிலை. இரவு ஆராதனைக்குப் போய்வந்து கண்ணயராதவர் அவர்! ஆலயத்துக்கு வாருங்கள் என்று எங்களை ஒருவரும் வற்புறுத்தவுமில்லை.

மூன்றாம் வாரம் பொங்கல். படைத்ததை அவர்கள் உண்ணமாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே சூரியனுக்குப் படைக்குமுன்பே ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்து, அதைச் சொல்லியே அவர்களை அழைத்தோம். பிள்ளைகளோடு வந்து உண்டார்கள்.

நகரங்களில் இப்போது பந்தல் போட்டுத் திறந்த இல்ல உபசரிப்பு நடக்கிறது. நல்லதுதான். ஆனால் வரிசையில் தட்டு ஏந்தி நிற்பவரிடம், நீங்கள் எதை உண்பீர்கள் என்று கேட்க அங்கே யாருக்கு நேரம்? தோட்டத்தில் அதைக் கேட்காமல் முடியாது. இன்று கொழுந்து பறிப்போரில் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் பலர். ஒருவர் பன்றி உண்ணார், மற்றவர் மாடு உண்ணார். நாங்கள் சொன்ன அதே வீட்டில், இப்போது மகன் தலையெடுத்த பிறகும், கிறிஸ்துமஸுக்குக் கோழிதான். அந்தக் கோழியையும் அவர்கள் அறுப்பதில்லை. பக்கத்து லயத்து வங்காளதேசத் தொழிலாளியைக் கூப்பிட்டு அவர் கையில் கத்தியைக் கொடுத்துவிடுகிறார்கள்.