பெரியவர் யார்?

(யூபிலி நவநாளில் ஆற்றிய மறையுரை)



கப்பர்நாகூமுக்குப் போகும் வழியில் சீடர்கள் தமக்குள் வாதாடிக்கொண்டு வந்தார்கள். வீடு சேர்ந்ததும் ஆண்டவர் சங்கதி என்னவென்று விசாரித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்களில் பெரியவர் யார் என்பதே அவர்கள் வழக்கு. மாற்கு தம் நற்செய்தியின் 9-ம் அதிகாரத்தில் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். நாமும் அந்த வழக்கைப் பேசுகிறவர்கள்தாம். கொடியேற்றத்தில் கயிறு பிடிப்பது யார், தேருக்கு முன்னே நடப்பது எந்தத் தெரு, நன்கொடைக் கல்லில் எவர் பெயர் மேலே என்று நள்ளிரவு வரை பேசுகிறோம். ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தாலும் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயம் எழுதிவிடுகிறோம்!

பெரியவராக விரும்புவது தவறென்று ஆண்டவர் சொல்லவில்லை. ஆகும் வழியைத்தான் மாற்றினார். கடைசி இராவுணவின்போது இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பாதம் கழுவினார். அன்று அது அடிமையின் வேலை. காட்டிக்கொடுக்க இருந்த யூதாசின் காலையும் கழுவினார் என்பதை நாம் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். பெரிய வியாழனன்று நம் கோவிலில் கழுவப்படும் பன்னிருவரின் கால்களோ, வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தவை.

வேதனையான ஒரு நாளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. கிறிஸ்துமஸ் குடிலைக்கூட நாம் பிரித்திருக்கவில்லை. அன்று காலை தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைக் கரையோரத்திலும் ஆழிப்பேரலை ஏறியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே கடலோரத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. அவ்வூர் முஸ்லிம் ஜமாஅத்தார், உடைமை இழந்து ஓடிவந்த மீனவக் குடும்பங்களைத் தங்கவைத்து, நாள்கணக்கில் சோறாக்கிப் போட்டார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் இந்துக்கள்.

ஊருக்குச் சோறாக்குவது என்றால் என்னவென்று நம் தாய்மாருக்குத் தெரியும். மூட்டை மூட்டையாக அரிசி களைய வேண்டும், புகையில் நிற்க வேண்டும், எச்சில் இலை எடுக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிறவளை ஒரு வாய் சாப்பிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். மறுவேளைக்கு மறுபடியும் அடுப்பு மூட்ட வேண்டும். நல்ல சமாரியர் உவமையை ஆண்டவர் சொன்னபோது, கேட்ட யூதருக்கு நெஞ்சில் உறுத்தியிருக்கும். நமக்கும் உறுத்தட்டும். இந்த மாவட்டத்து மண்ணுக்கு இது புதிதுமன்று. வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை.

யூபிலி அன்று சமபந்தி விருந்து. முன்வரிசை நாற்காலி கேட்டு வந்த சீட்டுகள் நம் மேசைமேல் கிடக்கின்றன. இலை எடுக்கவும் அண்டா கழுவவும் பெயர் கொடுப்பதற்கென்று கோவில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். நேற்று மாலை வரை அதில் ஏழு பெயர்கள். ஏழும் ஒரே தெருவைச் சேர்ந்தவை. எந்தத் தெரு என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றத் தெருவினருக்கும் அதில் நிறைய இடம் இருக்கிறது. பேனாவையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.