சமுதாயக் கல்லூரியும் நம் காலனிப் பிள்ளைகளும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாட்டியமும் நாடகமும் காண வந்திருக்கும் அவையில் கல்லூரியைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று முதலில் தயங்கினேன். எனினும், குழந்தைகள் வேடம் புனைந்து முடிக்கும் வரையில் யாராவது ஒருவர் பேசித்தான் ஆக வேண்டும் என்று செயலாளர் ஆணையிட்டுவிட்டார். ஆகவே, என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு செய்தியை இங்கே இறக்கி வைக்க விரும்புகின்றேன்.

என் தம்பியின் கதையிலிருந்து தொடங்குகின்றேன். அவன் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றான். அவனுடைய இசைவு பெற்றே சொல்கின்றேன். 1974-ஆம் ஆண்டில் அவன் அயலூர்ப் பாலிடெக்னிக் ஒன்றில் சேர்ந்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளியைக் கடந்து படிக்கப் போன முதற்பிள்ளை அவன்தான். நான்காம் மாதத்தில் எங்கள் தந்தையார் நோயுற்று மருத்துவமனையில் ஐந்து வாரங்கள் கிடந்தார். நான் ஆலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தமையால் விடுப்பு எடுக்க இயலவில்லை. தம்பிதான் உடனிருந்தான். அந்த வாரங்களில், இரண்டாம் தவணைப் பணம் கட்ட வேண்டிய நாள் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அந்நாளும் கடந்துவிட்டது. அவன் திரும்பிச் சென்றபோது வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. “முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று எழுத்தர் கேட்டாராம். யாரிடம் சொல்வது என்பதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு நாற்பது ஆண்டுகள் அவன் சைக்கிள் கடை வைத்து மானமாக வாழ்ந்தான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால், ஐந்து வாரமாக இந்தப் பையன் எங்கே என்று அந்தக் கல்லூரியில் ஓர் உயிரும் கேட்கவில்லையே என்ற குறை இன்றளவும் தீரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் நகரத்தில், குவீன்ஸ் என்னும் பகுதியில் வாழும் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அங்கே தூண்களின் மேல் ஓடும் ரயிலிலிருந்து பார்த்தபோது ஒரு பெரிய கட்டடம் தென்பட்டது. தொழிற்சாலை என்றே எண்ணினேன். என் எண்ணம் முழுப் பிழையன்று. ஒரு காலத்தில் கருவிகள் செய்யும் தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில்தான் 1971-இல் லகார்டியா சமுதாயக் கல்லூரி தொடங்கப்பெற்றது. பல நாடுகளிலிருந்து குடியேறியவர்களும், பகலில் வேலை செய்து மாலையில் படிப்போரும், பிள்ளை பெற்ற பின் மீண்டும் நூலெடுத்த தாய்மாரும் அங்கே பயில்கின்றனர் என்று மகள் சொன்னாள். ஊர்விட்டு ஊர் வந்து குடியேறியவர்கள் என்றதும் நம் காலனி நினைவுக்கு வாராதிருக்குமா?

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்க நாட்டில் பிறந்தது. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் என்னும் ஊரில் 1901-இல், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தொடர்ச்சியாக ஆறே மாணவர்களைக் கொண்டு அது தொடங்கிற்று. ஊரைவிட்டுச் சென்று படிக்க வசதியற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே முதல் இரண்டாண்டுப் படிப்பை முடிக்கலாம் என்பதே நோக்கம். 1947-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்க வேண்டும் என்றது. இன்று அங்கே இரண்டாண்டுப் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற்குப் போவோரும் உண்டு. செவிலியர் பணி, கணக்கியல், இயந்திரம் பழுதுபார்த்தல் என்று கைத்தொழில் கற்று நேரே வேலைக்குப் போவோரும் உண்டு. மதிப்பெண்ணைக் காட்டி வாயிலில் யாரையும் மறிப்பதில்லை என்பதே இக்கல்லூரிகளின் பெருமை.

ஆனால், அன்பர்களே, வாயில் திறந்திருப்பது உள்ளே வருவதற்கு மட்டுமா பயன்படுகின்றது? வெளியே போவதற்கும் அதே வாயில்தானே! சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் பட்டம் பெறாமலே நின்றுவிடுவதை அவர்கள் கண்டனர். அறிவுக் குறைவினால் நின்றவர்கள் எல்லாரும் அல்லர். பேருந்துக் கட்டணம் இல்லாமையாலும், எந்தப் பாடத்தை எப்பொழுது எடுப்பது என்று சொல்வார் இல்லாமையாலும், வீட்டில் ஒருவர் நோயுற்றமையாலும் நின்றவர்கள் பலர். என் தம்பியைப் போன்றவர்கள்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் இதற்கு ஒரு வழி கண்டது. அத்திட்டத்தில் சேரும் மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டணத்தில் எஞ்சிய பகுதியைப் பல்கலைக்கழகம் ஏற்றது, பாடநூல்களைக் கொடுத்தது, ரயிலுக்கும் பேருந்துக்கும் பயணச் சீட்டையும் கொடுத்தது. அந்தச் சீட்டைச் சும்மா கொடுக்கவில்லை. தம் ஆலோசகரைச் சந்திப்பது போன்ற கடமைகளைச் செய்தவர்க்கே கொடுத்தது. வீட்டில் பால்காரர் கணக்குப் பார்ப்பது போன்ற கண்டிப்பு! மற்ற மாணவர்க்கு ஓர் ஆலோசகர் 600 பேர் முதல் 1,500 பேர் வரை பார்க்க வேண்டியிருந்தது. இத்திட்டத்தில் ஒருவருக்கு 60 முதல் 80 பேர் மட்டுமே. எண்பது பேர் என்றால் முகமும் பெயரும் நினைவிருக்கும். ஒருவன் இரண்டு வாரம் வாராவிட்டால் எங்கே என்று கேட்க முடியும்.

இதன் பயனை அளந்தும் பார்த்தார்கள். லகார்டியா உள்ளிட்ட மூன்று கல்லூரிகளில் 2010-இல் ஏறத்தாழ 900 மாணவரைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். எல்லாரும் வருவாய் குறைந்த வீட்டினர். ஆங்கிலத்திலோ கணக்கிலோ ஆயத்த வகுப்பு தேவைப்பட்டவர்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் விடப்பட்ட பிரிவில் பட்டம் பெற்றோர் 22 விழுக்காடு. திட்டத்தில் இருந்தோரில் 40 விழுக்காடு. செலவு ஆள் ஒன்றுக்கு ஏறத்தாழ அறுபது விழுக்காடு கூடிற்று. ஆயினும், பட்டம் ஒன்றுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று கணக்கிட்டபோது குறைவாகவே இருந்தது. ஓஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதனைப் பின்பற்றியபோதும் பட்டம் பெற்றோர் தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று.

அவ்வளவு பணத்திற்கு நாம் எங்கே போவது என்று தாங்கள் கேட்பது என் காதில் விழுகின்றது. டென்னஸி என்னும் மாநிலத்தில் 2015 முதல், பள்ளி முடித்த பிள்ளைகள் சமுதாயக் கல்லூரியில் கட்டணமின்றிப் பயில ஏற்பாடு உண்டு. அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊராரில் ஒருவர் ஊதியமின்றி வழிகாட்டியாக இருக்கின்றார். படிவம் நிரப்பினாயா, கடைசி நாள் தெரியுமா என்று கேட்பதே அவர் வேலை. கணக்கோ விஞ்ஞானமோ அவர் சொல்லித்தர வேண்டுவதில்லை. மாணவரும் தம் பங்கிற்குப் பருவந்தோறும் எட்டு மணிநேரம் ஊர்ப்பணி செய்ய வேண்டும்.

நம் நாட்டில் இக்கல்லூரி முதலில் வேர்விட்டது நம் பக்கத்தில்தான் என்பதில் நமக்குச் சற்றே பெருமை உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் ஒன்றைத் தொடங்கிற்று. 1996-இல் சென்னையில் ஒன்று தோன்றியது. படிப்பை இடையில் விட்ட இளைஞர்க்கும் பெண்டிர்க்கும் தொழிலோடு பேசும் திறனும் பழகும் திறனும் கற்பித்து, வேலையிடத்திற்கே பயிற்சிக்கு அனுப்பும் முறை அங்கே வளர்ந்தது. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009-இல் கொண்டு வந்த திட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு மீண்டும் கைகொடுத்தது. பெயர்ப் பலகை மாறலாம். திட்டங்கள் வந்து போகலாம். பிள்ளையை எங்கே என்று கேட்கும் ஆள் இருக்கின்றாரா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

நம் காலனிக்கு வருகின்றேன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கிடையே நம் பிள்ளைகள் ஓடுகின்றனர். தந்தைக்கு ஷிப்டு வேலை. தாய்க்கு இந்தியில் வரும் கடிதம் புரிவதில்லை. பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளை தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக மீண்டும் எழுதலாம் என்பதையே அறியாத வீடுகள் நம்மிடையே உண்டு. மகன் தவறினால் ஐ.டி.ஐ.யைப் பற்றியாவது விசாரிக்கின்றோம். மகள் தவறினால் வரன் பார்க்கத் தொடங்கிவிடுகின்றோம். இதைச் சொல்வதற்காகத் தாய்மார்கள் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தந்தைமார்கள் கோபித்துக்கொண்டால் பொறுத்துக்கொள்கின்றேன்.

சங்கத்தின் நூலக அறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் பூட்டியே கிடக்கின்றது. தைமாதம் முதல் ஞாயிறுதோறும் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை அதைத் திறந்து வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். ஓய்வு பெற்ற நண்பர்கள் இருவரும் நானும் அங்கே இருப்போம். இவ்வாண்டு கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்த பிள்ளைகளின் பெயர், கட்டணத் தவணை நாள், தேர்வு நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். தவணை நாளுக்குப் பத்து நாள் முன்னதாக வீட்டிற்கே வந்து கதவைத் தட்டும் பொறுப்பை என் தம்பி ஏற்றுக்கொண்டிருக்கின்றான். சைக்கிள் இன்னும் ஓடுகின்றது என்கின்றான்.

நோட்டை இன்றே கொண்டு வந்திருக்கின்றேன். நாடகம் முடிந்ததும் வாயிலருகே மேசையில் இருக்கும். குழந்தைகள் திரைக்குப் பின்னால் பொறுமையிழந்து நிற்பது தெரிகின்றது. அவர்களுக்கு வழிவிட்டு அமர்கின்றேன்.