உண்டியலுக்குப் பூட்டு உண்டு, பெயர்ப் பட்டியலுக்கு?



ஓர் அறக்கட்டளையில் திருடுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் நாம் உண்டியலைத்தான் காட்டுவோம். உண்டியலுக்குப் பூட்டு இருக்கிறது. காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஆண்டுக்கொரு முறை கணக்குத் தணிக்கை நடக்கிறது. ஆனால் உதவி கேட்டு வந்தவர்களின் பட்டியல்? விதவையின் முகவரி, நோயாளியின் மருத்துவச் சீட்டு, கட்டணம் கட்ட முடியாத மாணவனின் பெயர் எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அதன் பாஸ்வேர்டு அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும்! பணம் மட்டும்தான் அமானிதமா? நம்பிச் சொன்ன வறுமையும் அமானிதம்தானே?

சிறிய அமைப்பை யார் சீண்டப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரியதும் தப்பவில்லை. போரிலும் இடப்பெயர்விலும் பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்ப்பது சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பணிகளில் ஒன்று. அதற்காகத் திரட்டிய 5,15,000க்கும் அதிகமானோரின் விவரங்கள் அந்நியர் கைக்கு எட்டிவிட்டன. 2021 நவம்பர் 9 அன்று உள்ளே புகுந்தவர்களை 2022 ஜனவரி 18 அன்றுதான் கண்டுபிடித்தார்கள். எழுபது நாள்! அவர்கள் புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் முன்பே வெளிவந்திருந்தது. அதை உரிய நேரத்தில் போடவில்லை என்று அந்த அமைப்பே வெளிப்படையாகச் சொன்னது.

பிரிட்டிஷ் அரசு 2014இல் 'சைபர் எசென்ஷியல்ஸ்' என்றொரு சான்றிதழைக் கொண்டு வந்தது. அது கேட்பவை ஐந்தே விஷயங்கள். இணையத்துக்கும் நம் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஃபயர்வால் என்னும் காவல். கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றி, வேண்டாத மென்பொருளை நீக்குவது. வைரஸ் தடுப்பு. இந்த மூன்றும் பலருக்குத் தெரிந்தவைதான்.

நான்காவதில்தான் பலரும் இடறுகிறார்கள்: யாருக்கு எந்தச் சாவி? கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்லாச் சாவியைக் கடைப்பையன் எல்லோருக்குமா கொடுக்கிறீர்கள்? ஆளுக்கொரு கணக்கு வேண்டும். அவரவர் வேலைக்குத் தேவையானது மட்டும் திறக்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூட வேண்டும். எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரமுள்ள கணக்கில் உட்கார்ந்து மெயில் படிக்கக் கூடாது. ஐந்தாவது, ஆபத்தான ஓட்டைகளுக்கு வரும் திருத்தங்களை 14 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். தயாரித்த கம்பெனியே கைவிட்ட பழைய மென்பொருளுக்கு இடமில்லை.

முதல் படியில் நாமே கேள்விகளுக்குப் பதில் எழுத, மதிப்பீட்டாளர் சரிபார்க்கிறார். 'பிளஸ்' என்ற அடுத்த படியில் அவரே கம்ப்யூட்டர்களைச் சோதிக்கிறார். சான்றிதழ் 12 மாதம்தான் செல்லும்.

காசுக்கு எங்கே போவது? 2022 ஜனவரியில் மிகச் சிறிய அமைப்புகளுக்கு நிர்ணயித்த கட்டணம் 300 பவுண்டு, வரி தனி. அதையும் கட்ட முடியாதவர்களுக்காக 2023இல் அரசுச் செலவில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். தனிநபர் விவரங்களைக் கையாளும் சிறு தொண்டு நிறுவனங்களுக்கும், ஏழைகளுக்குச் சட்ட உதவி தரும் அலுவலகங்களுக்கும் நிபுணர் ஒருவர் ஏறத்தாழ 20 மணி நேரம் உதவினார். என்னைக் கேட்டால், சுவரில் மாட்டும் தாளைவிட அந்த 20 மணி நேரம்தான் பெரிது.

சான்றிதழ் வாங்கிவிட்டால் எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 'தலைவர் பேசுகிறேன், அவசரமாகப் பணம் அனுப்புங்கள்' என்று வரும் போலி மெயிலை நம்பிப் பொருளாளரே அனுப்பினால் எந்த ஃபயர்வாலும் தடுக்காது. நம் பட்டியலை வேறொரு கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தால் அதன் பூட்டையும் பார்க்க வேண்டும். 2020இல் பிளாக்பாட் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் தாக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த பிரிட்டிஷ் தொண்டு நிறுவனங்கள் பலவற்றின் நன்கொடையாளர் விவரங்கள் பறிபோயின.

அந்தச் சான்றிதழின் கேள்வித்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கம்ப்யூட்டர் படித்த இளைஞர்களே! அதை எடுத்துக்கொண்டு, நீங்கள் அறிந்த அறக்கட்டளையின் செயலாளரோடு ஒரு மாலை உட்காருங்கள். வணிகர்களே! அடுத்த நன்கொடையைக் கொடுக்கும்போது ரசீதோடு சேர்த்து ஒன்று கேளுங்கள்: அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும்?