பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்



வாக்கு ஓர் அமானிதம் என்று பலமுறை கேட்டிருக்கிறோம். அதை நிறைவேற்ற முதலில் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தள்ளுபடியான தபால் வாக்குகளோ 203. சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதே காரணம். தோற்ற அப்பாவு வழக்குப் போட்டார். மறுஎண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகிவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு நடந்துகொண்டே இருந்தது, பதவிக்காலம் ஓடிவிட்டது. பிறகு கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவர்களுக்கு இது பாடம்.

பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் பல வீடுகளில் ஆண்கள் சபுரில் இருக்கிறார்கள். பி.எல்.ஓ. வந்து கேட்டால், "அவங்க இங்கே இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லே "குடிபெயர்ந்தவர்" என்று பதிவாகிவிடலாம். விவரமாகச் சொல்லுங்கள்.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்வாசி ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் ஊர்வாசி என்ற நிலையை இழந்துவிடவும் மாட்டார்.

வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியிலேயே பெயர் சேர்க்கலாம். ஆனால் அவர்களுக்குத் தபால் வாக்கு கிடையாது. அசல் பாஸ்போர்ட்டுடன் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் சிதம்பரத்திலோ சொந்த ஊரிலோ பதியலாம். இரண்டிலும் பதிவது குற்றம். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அமானிதத்தில் மோசடி நமக்கு வேண்டாம்.

85 வயது கடந்த பெரியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுற்றோரும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பட்டியலில் ஏற்கெனவே உள்ளவரை நீக்குவதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து, அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று 1995இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உத்தரவு பாதகமாக வந்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

இன்றிரவே வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரையும் பட்டியலில் சரிபாருங்கள். சபுரில் இருப்பவருக்கு ஒரு போன் போடுங்கள். அல்லாஹ் நம் உரிமைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.