குழாயைத் தின்னும் சாம்பல்



நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 35 முதல் 45 பங்குவரை சாம்பல்தான். அதில் குவார்ட்ஸ் என்ற கடினமான துகளும் உண்டு. புகையோடு பறக்கும் இத்துகள் பாய்லர் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது. ஒரு குழாய் ஓட்டையானால் பாய்லரையே நிறுத்த வேண்டியதுதான். மேட்டூரில் உள்ளது போன்ற 210 மெகாவாட் இயந்திரம் ஒரு நாள் நின்றால், முழுத்திறன் கணக்கில் 50 லட்சம் யூனிட் மின்சாரம் போச்சு!

சாம்பலைப் பிடிக்கத்தான் நம்ம ராணிப்பேட்டை 'பெல்' தொழிற்சாலையில் இ.எஸ்.பி. செய்கிறார்களே என்பீர்கள். சரிதான். ஆனால் அது நிற்பது குழாய்களுக்கெல்லாம் பின்னால். அதற்கு முன்பே எகனாமைசர் குழாய் அடி வாங்கிவிடுகிறது.

துகள் உலோகத்தை எப்படிச் செதுக்குகிறது என்று 1960-இல் ஃபின்னி என்ற அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். நேராக மோதுவதைவிட, 20, 30 டிகிரி சாய்வில் உரசும் துகளே இரும்பை அதிகம் சீவும். ஷேவிங் மெஷினைப் பார்த்த ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வேகம் இன்னும் பொல்லாதது. தேய்மானம் ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடும். நொடிக்கு 10 மீட்டர் வேகம் 12 ஆனால் தேய்மானம் 73 சதவீதம் ஏறிவிடும்.

ஆகவே சராசரி வேகம் மட்டும் தெரிந்தால் போதாது. குழாய்களுக்கும் சுவருக்கும் இடையே சந்து இருந்தால் புகை அங்கேதான் பாயும். திருப்பத்தில் பெரிய துகள்கள் புகையோடு திரும்பாமல் பின்சுவர்ப் பக்கம் ஒதுங்கும். இதைத்தான் நாங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கிறோம். புகைப்பாதையை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகத்தைக் கணக்கிட்டு, துகள்களை விட்டு, எது எந்தக் குழாயில் எந்தச் சாய்வில் மோதுகிறது என்று பின்தொடர்கிறோம். தடுப்புத் தகடு வைத்தால் தேய்மானம் குறைகிறதா, அடுத்த வரிசைக்கு நகர்கிறதா என்பதையும் குழாயைத் தொடாமலே சோதிக்கலாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. திரையில் வரும் வண்ணப் படம் அழகாகத்தான் இருக்கும். அப்படியே நம்பிவிடாதீர்கள். ஓவர்ஹால் சமயத்தில் டார்ச்சும் கேஜும் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து, குழாயின் கனத்தை அளப்பவர் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போனால்தான் அது மாடல். இல்லாவிட்டால் வெறும் படம். எவ்வளவு அனுபவசாலி ஆனாலும் டேனரியில் தோலின் கனத்தைக் கேஜ் வைத்துப் பார்க்கிறார்கள் அல்லவா? இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுப்பவர்கள், முதலில் ஒரு பாய்லருக்குள் போய்வர அனுமதி கேளுங்கள். மாடலை அப்புறம் போடலாம்.